உலுவேஹியின் மூன்றாம் ஆண்டு வகுப்பு

ஹவாய்த் தீவில் இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் உலுவேஹி கமாகா ஹவாய் மொழிப் பாடம் எடுத்தாள். பக்கத்து அறையில் நான் கணக்கு எடுத்தேன். இரண்டு அறைகளும் விளையாட்டு மைதானத்தை ஒட்டிய கொட்டகையில் இருந்தன. மழை வந்தால் இருவருமே பாடத்தை நிறுத்த வேண்டியதுதான். தகரக் கூரையின் சத்தத்தில் எந்த மொழியும் எடுபடாது.

அவளுடைய முதலாம் ஆண்டு வகுப்பு எப்போதும் நிரம்பி வழியும். மொழி மேல் உள்ள ஆசையால் அல்ல. ஸ்பானிஷிலும் ஜப்பானிய மொழியிலும் தேறாதவர்களைப் பள்ளி ஆலோசகர் அங்கே தள்ளிவிடுவார். "உங்க சொந்த மொழிதானே, சுலபமா இருக்கும்" என்பாராம். உள்ளே வந்த பிறகுதான் தெரியும், உலுவேஹி மதிப்பெண்ணைச் சும்மா அள்ளிப் போடுபவள் அல்ல என்று. முனகிக்கொண்டே இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். அதற்குப் பிறகும் வருபவர்கள் கொஞ்சம்பேர். அவர்களுக்காகத்தான் அவள் அந்த வேலையில் இருந்தாள். ஒப்பிப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அந்த மொழியில் வாயாடத் தொடங்குவது மூன்றாம் ஆண்டில்தான் என்பாள்.

போன வருடம் அந்த மூன்றாம் ஆண்டு வகுப்பை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். துணை முதல்வர் டோய் கெட்டவர் அல்ல. அவர் அறைக்கு அவளோடு நானும் போயிருந்தேன்.

"ஆளே இல்லையே, குமு. நான் எப்படி வகுப்பு நடத்தறது?" என்றார். ஆசிரியரைக் குறிக்கும் அந்தச் சொல்லால் பள்ளியில் அவளை மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

"கல்லூரிக்கான வகுப்பையும் வண்டி ரிப்பேர் வகுப்பையும் அதே நேரத்துல போட்டா ஆளு எங்கேர்ந்து சார் வரும்?"

"அட்டவணையைக் கம்ப்யூட்டர்தானே போடுது."

"அப்போ கம்ப்யூட்டரைக் கூப்பிடுங்க. அதுகிட்டயே பேசிக்கிறேன்."

டோய் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து அதே டோய் எங்கள் கொட்டகைக்கு வந்தார். கல்வித் துறையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், பிள்ளைகளை வைத்து வரவேற்புப் பாட வேண்டும், இலை மாலையும் போட்டால் நன்றாக இருக்கும் என்றார். அவர் போன பிறகு, "முடியாதுன்னு சொல்லிடு" என்றேன்.

"இல்ல, போறேன்," என்றாள். அவள் குரலில் ஏதோ இருந்தது.

விருந்தாளிகள் வந்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு பறிபோன பிள்ளைகளையே வரிசையாக நிறுத்தினாள். பாடி முடித்ததும் மைக் முன்னால் வந்து, சிரித்த முகத்தோடு ஹவாய் மொழியில் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. வாருங்கள், வணக்கம், உங்களுக்குப் பாடிய இந்தப் பிள்ளைகள்தான் மூன்றாம் ஆண்டு வகுப்பு, அந்த வகுப்பை நீங்கள் மூடிவிட்டீர்கள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஹினானோ என்ற பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு, குமு. என்ன சொன்னீங்க?" என்று டோய் கேட்டார்.

ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கையிலிருந்த காகிதத் தட்டை மேசையில் வைத்தார். "அடுத்த வாரம் பேசலாம்," என்றார்.

பேசினார்கள். மதிய இடைவேளையில் வேண்டுமானால் நடத்திக்கொள்ளலாம், ஆனால் மதிப்பெண் கிடையாது என்று முடிவாயிற்று. அதையும் விடவில்லை அவள். பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஹினானோவும் வந்து, "மார்க் இல்லாத வகுப்புக்கு எதுக்குப் போறேன்னு அம்மா திட்டுறாங்க, குமு" என்றாள்.

"அம்மா சொல்றது சரிதான்," என்றாள் உலுவேஹி.

அந்தப் பெண் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒரு காலத்துல இந்த மொழியைப் பேசினா ஸ்கூல்ல அடிச்சாங்க. இப்போ கைதட்டுறாங்க. அடிச்சவனுக்காவது இது ஒரு மொழின்னு தெரிஞ்சிருந்தது."

புது வருட அட்டவணை வந்தபோது அதிலும் மூன்றாம் ஆண்டு இல்லை. அவள் டோயைப் பார்க்கப் போனாள். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதலாம் ஆண்டு விடைத்தாள்களைத் திருத்த ஆரம்பித்தாள்.