சத்து மாத்திரை

மதலேனா பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள். கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் கல்யாணம், அங்கேயேதான் மகள் றேணுகாவும் பிறந்தாள். கணவன் சுவக்கினுக்கு 'ஸ்டோர்' என்று எல்லாரும் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து சில வருஷங்களில் சுவக்கின் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுக்கத் தொடங்கினான். மதலேனா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் சுருங்கிப் போவான் என்று நினைத்தாள். மாதா மாதம் கிளினிக்குக்குப் போனான். அங்கே கால் மரத்துப் போவதைச் சொன்னான், கண் மங்குவதைச் சொன்னான். இதை மட்டும் சொல்லவில்லை.

ஸ்டோர் லொறி ஓட்டும் சுதேஷ்தான் கண்டியிலிருந்து அந்த மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டியும் இல்லை, டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்த துண்டும் இல்லை. "சத்துக்குண்ணே" என்றான். ஸ்டோர் ஆண்களிடையே அதற்கு அதுதான் பெயர். வீட்டுக்குள்ளும் அதுவே பெயராயிற்று.

"என்னா புள்ள சிரிக்கிற?" என்று ஒரு காலையில் சுவக்கின் மனைவியைக் கேட்டான்.

"ஒண்ணுமில்லங்க. சத்து நல்லா புடிச்சிருச்சு."

அது என்ன மாத்திரை என்று மதலேனாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் அவளுக்கும் சௌகரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து றேணுகா பாட்டுப் பழக கோயிலிலேயே நின்றுவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவக்கின் மாத்திரையைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மதலேனா த்ரீவீலரைக் கூப்பிட்டு, வழியில் றேணுகாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டொக்டர் இளம் பெண். சிங்களம் மட்டும்தான் பேசினார். பேராதனையில் ஒரு கந்தோரில் வேலை பார்க்கும் றேணுகாவுக்குச் சிங்களம் சரளம். டொக்டர் கேட்டதை அவள் தமிழில் திருப்பிக் கேட்டாள்.

"அப்பா, சீனி மாத்திரையத் தவிர இன்னைக்கு வேற ஏதாச்சும் போட்டீங்களா?"

சுவக்கின் மகளைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான். "சத்துதான்" என்றான்.

"விற்றமின்" என்று றேணுகா டொக்டரிடம் சொன்னாள்.

மதலேனா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். விற்றமின் என்ற சொல் அவளுக்குத் தெரியும். அது அதுவல்ல என்றும் தெரியும். வாயைத் திறந்தாள். மகள் முன்னால், முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில், அந்தச் சாமானுக்கு என்ன பெயர் சொல்வது? சத்து என்பதைத் தவிர அவளிடம் வேறு சொல் இல்லை.

தாதி சுவக்கினின் நாக்குக்கு அடியில் ஒரு சிறிய மாத்திரையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் வெளுத்தது. வியர்த்துக் கொட்டியது. பிரஷர் மெஷின் கூவத் தொடங்கியது.

மதலேனா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "அது விற்றமின் இல்ல."

"எது?"

"அப்பா போட்ட சத்து. அது ஆம்பளைங்களுக்கு... பொம்பளைகூட இருக்கிறதுக்குப் போடுறது."

றேணுகா அறிந்த சிங்களமெல்லாம் ஒரு கணம் எங்கோ போய்விட்டது. பிறகு சொன்னாள். டொக்டர் சட்டென்று திரும்பினார். கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தினார்கள். சேலைன் ஏற்றினார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சுவக்கின் இறந்தான்.

டொக்டர் தாழ்வாரத்தில் நின்று விளக்கினார். றேணுகா தரையைப் பார்த்தபடி தமிழாக்கினாள். அந்த மாத்திரை ஆசையை உண்டாக்குவதில்லை. ஆசை வரும்போது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அந்த உறுப்புக்கு இரத்தம் ஓட வழிவிடுகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழே வைப்பதும் குழாய்களைத் தளர்த்துகிற மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அடியோடு விழுந்துவிடும். தெரிந்திருந்தால் அதைக் கொடுத்திருக்க மாட்டோம், வேறு மருந்து கொடுத்திருப்போம். அப்போதும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மாரடைப்பு பெரியது. சீனி உள்ள ஆண்களில் நிறையப் பேருக்கு இந்தப் பலவீனம் வருகிறது. சிலருக்கு இதயம் கெடுவதற்கு அதுதான் முதல் அடையாளம். கிளினிக்கில் சொல்லியிருந்தால் இதயத்தைப் பரிசோதித்திருப்பார்கள்.

பிரேத அறைக்கு வெளியே வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான்தான் விற்றமின்னு சொன்னேன்" என்றாள் றேணுகா. "என்னான்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்."

மதலேனா பேசாமலே இருந்திருக்கலாம். மகள் அந்தப் பழியை ஏற்கெனவே தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். "அது விற்றமின் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஒன் முன்னாடி எப்புடிச் சொல்றதுன்னு நின்னுட்டேன்."

சிற்றூழியர் வந்து, அடையாளம் காட்டவும் விசாரணைக்குப் பதில் சொல்லவும் வீட்டு ஆட்கள் வரவேண்டும் என்றார். றேணுகா எழுந்தாள். மதலேனாவும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழப் போனாள்.

"நீ இரு" என்றாள் மகள். "கேக்குறதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."