கோப்பை வாங்கிய சந்து

"ஃபூ... ஃபூ... கேக்குதா?" என்று ஊதிப் பார்க்காமல் வார்தினி ஒலிபெருக்கியில் ஒரு சொல்லும் பேசமாட்டார். கேட்கிறது என்று சந்தின் கோடியிலிருந்து யாராவது கத்த வேண்டும். கத்தாவிட்டால் மறுபடி ஊதுவார். கொசு மருந்து அடிக்க வரும் நாள், தடுப்பூசி நாள், யார் வீட்டுக் கோழி யார் வீட்டுக் கூரையில் நிற்கிறது என்ற விவரம் எல்லாம் காவல் கொட்டகைக் கூரையில் கட்டிய அந்தக் குழாய் வழியாகத்தான் ராவா கெலாம் சந்துக்கு வந்து சேரும்.

வார்தினி அந்தச் சந்தின் எர்தே, அதாவது சந்துத் தலைவர். ஜாவாவின் வடகரையில் இருக்கும் இந்தப் பெரிய நகரத்தில் அரசாங்கம் மேலிருந்து இறங்கி இறங்கி வந்து கடைசியாக நிற்கும் படி அதுதான். புது எர்தேயைத் தேர்ந்தெடுக்க நடந்த கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த வார்தினியை யாரோ கைகாட்டினார்கள். தட்டைக் கீழே வைப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

துணி துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுப்பது அவர் தொழில். பேசும்போது எதிரே நிற்பவரின் காலரைத்தான் பார்ப்பார். மாநகராட்சி அதிகாரியே கசங்கிய சட்டையில் வந்தாலும் வார்தினிக்குப் பயம் போய் இரக்கம் வந்துவிடும். "வீட்ல கவனிக்க ஆள் இல்லபோல" என்பார்.

சந்தின் நடுவில் ஓடுகிற சாக்கடைதான் அவருடைய ஓயாத தலைவலி. அகலம் குறைவு, ஆழமும் இல்லை. மழை வலுத்தால் தண்ணீர் வாசல் ஏறும். தாழ்ந்த கோடியில் பாக் தார்யோ, அதாவது தார்யோ ஐயா, பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அவர் கட்டில் கால்களுக்கு அடியில் இன்னொரு வரிசைச் செங்கல் ஏறுகிறது. "இன்னும் ரெண்டு வருசம் போனா கூரைத் தகரம் என் மூக்க இடிக்கும், எர்தே" என்று கோணிய வாயால் சிரிப்பார். வார்தினி சிரிக்கமாட்டார். கட்டிலைத் தூக்குகிறவர்களில் அவரும் ஒருவர்.

மாநகராட்சி ஒரு புதிய ஏற்பாடு கொண்டுவந்தது. எந்த வேலை வேண்டும் என்பதை இனி அந்தந்தப் பகுதி மக்களே கூடிச் சொல்லலாம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். தேவை அதிகம் உள்ள இடத்துக்கு முதலில் பணம். வட்டக் கூட்டத்தில் வார்தினி கேட்ட அகலச் சாக்கடைக்குத்தான் அதிகக் கைகள் உயர்ந்தன. அதிகாரி வந்து பார்ப்பது மட்டும் பாக்கி.

அங்கேதான் வார்தினி காரியத்தைக் கெடுத்துக்கொண்டார். "ஃபூ... ஃபூ... விருந்தாளி வராங்க. நம்ம சந்தப் பாத்து யாரும் மூக்கச் சுளிக்கக் கூடாது" என்று குழாயில் அறிவித்தார். முதல்நாளே சந்து முழுக்க இறங்கியது. சாக்கடையில் சேறு அள்ளினார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். அதன்மேல் மீனும் தாமரையும் வரைந்தார்கள். காலி பாட்டில்களில் செடி வைத்துத் தொங்கவிட்டார்கள். மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து அதிகாரிக்கு வைத்தார்கள். அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தாமரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிப் போனார்.

பணம் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், கார் நிற்கும் வீடுகள் இருக்கும் பகுதிக்குப் போனது. ராவா கெலாமுக்குத் தூய்மையான சந்து என்று ஒரு கோப்பை வந்தது.

"கவுத்துப் புடிச்சா ஒரு வாளி தண்ணி மொள்ளலாம், இபு. வெள்ளத்துக்கு ஆவும்" என்றாள் வாழைக்காய் பொரித்து விற்கும் யாயுக். அங்கே இபு என்றால் அம்மா.

"உன் எண்ணெய ஊத்தி வை, ரெண்டு வருசத்துக்குக் கெடாது. எப்பிடியும் நீ மாத்தப்போறதில்ல" என்றார் வார்தினி. பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "பேசற அதிகாரத்தக் கீழ அனுப்பிட்டாங்கடி. பணம் இன்னும் மேல் மாடியிலதான் உக்காந்திருக்கு."

அந்த மழைக்கும் செங்கல் ஏறியது.

இந்த ஆண்டும் கைகள் உயர்ந்தன. இந்த ஆண்டும் அதிகாரி வரும் நாள் குறித்தார்கள். வார்தினி ஊதினார். "யாரும் கூட்டக் கூடாது. எதையும் அள்ளக் கூடாது. கையெடுத்துக் கேக்கறேன், சும்மா இருங்க."

சும்மா இருப்பது அந்தச் சந்துக்கு வராத வேலை. மறுநாளே யாயுக்கின் மாமியார் திருட்டுத்தனமாக வாசல் பெருக்கிப் பிடிபட்டார். "குப்பையில விருந்தாளிய நிக்க வைக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "இருக்கு. நெறைய இருக்கு" என்று சொல்லி விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டார் வார்தினி. பிறகு வீடு வீடாகப் போய் எல்லா விளக்குமாறுகளையும் வாங்கி வந்து தன் முன்னறையில் போட்டுப் பூட்டினார். பெட்டி போட வந்த துணிகளைப் படுக்கையறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அதே அதிகாரி, பாக் நுக்ரோஹோ, காலுறையைக் காப்பாற்றிக்கொண்டு கல் கல்லாகத் தாண்டி வந்தார். சாக்கடை கறுத்துப் பொங்கி நின்றது. சுவரில் தாமரையின் பாதியை வெள்ளம் தின்றிருந்தது. சந்துக்காரர்கள் கதவோரமாக நின்று தங்கள் வாசலைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள்.

"போன வருசம் எவ்வளவு அழகா இருந்துச்சு, இபு! என்ன ஆச்சு?"

வார்தினியின் காது மடல் சிவந்தது. அதிகாரியின் காலரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்குப் பவுடர் போட்டிருந்தோம், பாக். இதுதான் மொகம்."

அதிகாரி சிரித்தார். பின்னர் தார்யோவின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். செங்கல் மேல் உயர்ந்திருந்த கட்டிலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. யாயுக் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, காலி பிளாஸ்டிக் டம்ளரைப் போட இடம் தேடிச் சுவர் விளிம்பில் வைத்தார். சாக்கடையைப் படமெடுக்கச் செல்பேசியை நீட்டினார்.

காற்றில் டம்ளர் உருண்டு சாக்கடை ஓரத்தில் விழுந்தது. வார்தினி சட்டென்று குனிந்தார். விரல் நுனி அதைத் தொட்டுவிட்டது. அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, புடவை போல் இடுப்பில் சுற்றியிருந்த துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பு நுனியால் டம்ளரைச் சாக்கடையின் நடுவுக்கு, செல்பேசிக்கு நன்றாகத் தெரியும் இடத்துக்கு, மெல்லத் தள்ளிவிட்டார்.