மணல்திட்டுக் கப்பல்

கப்பலக்கா என்று சொன்னால்தான் ஊரில் அவளைத் தெரியும். அவளும் புருஷனும் ஒரு பழைய வேனில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பிழைத்தவர்கள். எல்லா வேன்களும் போகிற பூங்காவுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் ஓடி அலுத்த பிறகு, யாரும் எட்டிப் பார்க்காத இடங்களைக் காட்டலாமே என்று அவளுக்குத்தான் தோன்றியது. பூமிக்கடியில் வறண்டு கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டி, உடைந்த பொம்மைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கடை. எல்லாவற்றுக்கும் மேலாக, என்றோ ஒரு புயலில் தரைதட்டி மணல்திட்டில் சாய்ந்து நின்ற சரக்குக் கப்பல். கடல் உள்வாங்கும்போது அதுவரை நடந்தே போய்விடலாம்.

"துருப்பிடிச்ச தகரத்தப் பாக்க எவன் வருவான்?" என்று புருஷன் கேலி செய்தான். வந்தார்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் ஒரு மாமியாரும் மருமகளும். சேர்ந்து ஊர் சுற்றினால் ராசியாகிவிடுவார்கள் என்று மகன் அனுப்பி வைத்திருந்தான். இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள்.

கரையில் காற்று பலமாக இருந்தது. "இன்னிக்கு வேணாம். கடல் மூஞ்சி சரியில்ல" என்றான் புருஷன்.

"தண்ணி ஏற நேரம் இருக்கு. நான் பாக்காத கடலா?" என்று அவள் முன்னால் நடந்தாள். புருஷன் வேனோடு கரையிலேயே நின்றுகொண்டான்.

கப்பலின் வயிற்றுக்குள் இருட்டு. மாமியார் ஒரு அடி எடுத்து வைத்ததும் இற்றுப்போன தளம் மளுக்கென்று உள்வாங்கியது. முழங்கால்வரை உள்ளே போன காலின்மேல் பக்கத்து இரும்புத் தகடு சரிந்து விழுந்தது. மூன்று பெண்களும் சேர்ந்து இழுத்தும் தகடு அசையவில்லை. அப்போதுதான் பிளந்த பக்கவாட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே நாக்கை நீட்டியது. காற்று கடலை முன்கூட்டியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

கப்பலக்கா நின்றது நின்றபடி தண்ணீரையே பார்த்தாள்.

"அக்கா! என்னப் பாருங்க!" மருமகள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க. போங்க!"

கப்பலக்கா விழுந்தடித்து மேல்தளத்துக்கு ஏறினாள். கத்தினாள். காற்று குரலைத் தின்றுவிட்டது. துப்பட்டாவை உருவிச் சுழற்றினாள். கரையில் அவன் தலை நிமிர்ந்தது. தன் காலைப் பிடித்துக் காட்டி, எதையோ தூக்குவதுபோல் சைகை செய்தாள். வேனுக்கு ஓடினான். தூக்கும் ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். தண்ணீர் அவன் இடுப்பைத் தொட்டபோது அவள் வாய் தானாக, "பாத்து, பாத்து" என்று முணுமுணுத்தது.

கீழே தண்ணீர் மாமியாரின் மார்புவரை ஏறியிருந்தது. மருமகள் பின்னால் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் தாங்கியிருந்தாள்.

"நீ போயிடும்மா."

"சும்மா இருங்க அத்தை. உங்கள விட்டுட்டுப் போனா உங்க பிள்ளைகிட்ட யார் வாங்கிக் கட்டிக்கிறது?"

புருஷன் மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான். ஜாக்கி நல்ல இரும்பைப் பற்றிக்கொண்டது. தகடு முனகியபடி ஒரு விரல் உயர்ந்தது. மாமியார் அலறினார். கால் வெளியே வந்தது.

திரும்ப வழியில்லை. மேல்தளத்தில் ஒட்டி உட்கார்ந்து கடல் வடியக் காத்திருந்தார்கள். புருஷன் அவள் பக்கம் திரும்பாமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மாமியாருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கப்பலக்கா குன்றிப்போய் உட்கார்ந்திருக்க, மருமகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தைக்கு உங்களத் திட்டணுமாம். உள்ள வாங்க."

உள்ளே போனாள். மாமியார் ஆசை தீரத் திட்டினார். அவள் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இனி யாரையும் கப்பலுக்குள் கூட்டிப் போவதில்லை, கரையிலிருந்தே காட்டுவேன் என்று சொன்னாள். மருமகள் அவளிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.