சேர்ந்து வாழச் சொல்லி ஒரு மனு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ என்றால் என்ன, அது எந்த ஊர்ச் சரக்கு என்று எந்த வக்கீல் வந்து கேட்டாலும் தடுமாறாமல் சொல்லுவேன். சொந்தத் தறி, சொந்த வீடு, சொந்தக் கடை எல்லாம் நானாகச் சம்பாதித்தவை. அந்தச் சட்டத்தையும் நானாகத்தான் சம்பாதித்தேன். அதற்குக் காரணம் என் தங்கை.

அறுபதுகளின் கடைசி அது. தங்கையைப் பிள்ளையார்பாளையத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை நல்ல நெசவாளி. பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஒருவரால் நெய்ய முடியாது. தறிக் குழியில் உட்கார்ந்தவர் உடலுக்கு, நூல் சுற்றிய நாடாவை எறிவார், பக்கத்தில் இன்னொருவர் கரைக்கு எறிந்து இழையோடு இழை கோர்த்துக் கொடுப்பார். அதைக் கோர்வை என்போம். அந்த வீட்டுக் கோர்வை ஆள் என் தங்கைதான். முதல் கர்ப்பம் கலைந்து படுத்தாள். உடம்பு தேறுவதற்குள் மறுபடி தறியில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் விடியற்காலை எழுந்து, சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த என் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, அவளைத் திரும்ப அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை மனு போட்டிருப்பதாகக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. கடனுக்காகக் கோர்ட்டு அமீனா வந்தால் தறியையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்த தெரு எங்களுடையது. இந்த நோட்டீஸுக்குத் தங்கையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றே நினைத்தோம். அன்றைக்கே அவளைத் தாமலில் அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். போகும்போது, “நான் இன்னா அண்டாவா, ஒளிச்சி வெக்கிறதுக்கு?” என்று முறைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நான் போய்ப் பார்த்த வக்கீல் ஐயா வயதில் பெரியவர். தங்கையை ஒளித்து வைத்த விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினார். இது வெள்ளைக்காரன் ஊரில் பாதிரிமார்கள் வைத்திருந்த கோர்ட்டுச் சமாச்சாரமாம். அங்கே ஒரு காலத்தில் கல்யாண வழக்கெல்லாம் மாதா கோயில் கையில் இருந்தது. கட்டின முடிச்சு கடவுள் போட்டது, பிரிய வழியில்லை. காரணமில்லாமல் புருஷனோ பெண்டாட்டியோ விலகிப்போனால், திரும்பிப் போய்ச் சேர்ந்து குடித்தனம் பண்ணு என்று பாதிரி கோர்ட்டு உத்தரவு போடும். கேட்காவிட்டால் சபையை விட்டுத் தள்ளி வைப்பார்கள். நம் பக்கத்து ஊர்விலக்கு மாதிரி. பிற்பாடு ஜெயில் என்று மாற்றினார்கள், அப்புறம் அதையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் இங்கே வந்தபோது அந்தச் சட்டத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தான். அவன் போன பிறகு நாம் அதை இந்துக் கல்யாணச் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டோம்.

தெருவுக்குத் தெரு கோபுரம் நிற்கிற ஊரில் பாதிரியார் சட்டமா என்று கேட்டேன். வக்கீல் ஐயாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வக்கீல்கள் கூடும் பார் ரூமில் போய்ச் சொன்னாராம். பிறகு என்னிடம், “உத்தரவே ஆனாலும் கையப் புடிச்சி இழுத்துக்கினு போக எவனாலயும் முடியாதுப்பா. ஆனா உத்தரவுக்கு அப்புறமும் போகலன்னா, அதையே காட்டி அவன் இவள அறுத்துவுட்டு வேற ஒருத்தியக் கட்டலாம்” என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. தங்கைக்கு வாழாவெட்டிப் பட்டம் நிலைத்துவிடுமே. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தாமலிலிருந்து திரும்ப அழைத்து வந்து கேட்டால், கோர்ட்டில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

வாய்தா நாளன்று, கோர்ட்டு இருந்த செங்கல்பட்டுக்கு முதல் பஸ். அந்தக் காலத்துப் பயணம் இப்போது வராது. வாலாஜாபாத்தில் வண்டி நின்றால் டீ குடித்துவிட்டு வரும்வரை டிரைவர் காத்திருப்பார். வழியெல்லாம் ஏரித் தண்ணீரும் நெல் வாசனையும். மாப்பிள்ளையும் அதே பஸ்ஸில்தான் வந்தார், கடைசி சீட்டில். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை இரண்டு முறை பார்த்தாள்.

ஜட்ஜ் ஐயா எங்களைத் தனியறைக்குக் கூப்பிட்டு, மனைவியை எதற்காகத் திரும்பக் கூப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை கைகட்டி நின்று உள்ளதைச் சொன்னார். “கல்யாணச் சேலைங்க, பாதியில நிக்குது. வேற ஆள வெச்சிப் பார்த்தேன், கரை சேரமாட்டேங்குது. இவ கைதான் என் கைக்குச் சரியா வரும்.”

நான் பேச வாயெடுத்தேன். பேசியிருந்தால் அந்த அறையையே கலக்கியிருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். தங்கை முந்திக்கொண்டாள்.

“செத்துப் பொழச்சி வந்தேன் ஐயா. தறி எப்படி இருக்குதுன்னு சொல்றாரே, நான் எப்படி இருக்கிறேன்னு இதுவரிக்கும் கேட்டாரா, கேளுங்க.”

ஜட்ஜ் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

வெளியே புளியமரத்தடியில் நின்றார்கள். நான் காது கேட்கும் தூரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, “உடம்பு இப்ப தேவலாமா?” என்றார்.

“இதக் கேக்க செங்கல்பட்டு வரிக்கும் வரணுமா?” என்றாள். அப்புறம், “அந்த மனுவ வாபஸ் வாங்கிடு. அது இருக்கிற வரிக்கும் நான் வரமாட்டேன்” என்றாள்.

அன்றைக்கே மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவார். தறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பூவோ பழமோ வைத்துவிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டுப் போவார். கோர்வைக்குக் கூலி ஆள் வைத்துக்கொண்டதாக ஊரில் சொன்னார்கள்.

தை பிறந்து ஒரு காலையில் தங்கை துணிகளை மூட்டை கட்டினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, சீர் செனத்தியோடு ஜட்கா வண்டி வைத்து ஊரே பார்க்கக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினேன். அந்தத் தெருவில் அப்படிச் செய்யக்கூடியவன் அன்றைக்கு நான் ஒருவன்தான்.

அவள் வாசலில் நின்று, “நீ வராதண்ணா. வந்தா கொண்டாந்து உட்ட மாதிரி ஆயிடும். நானே போறேன்” என்றாள்.

மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் நடந்தே போனாள்.