படியில் வைத்த புத்தகங்கள்

கல்விக்கு அரசியே, கலைமகளே, உன் திருவடி சரணம்.

எண்பதுகளில் ஒரு சரசுவதி பூசை நன்னாள். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில், களமசேரியில் படித்துவந்த இரண்டு ஆப்பிரிக்க மாணவிகள் குடியிருந்தனர். எத்தியோப்பியாவின் அல்மாஸ் மாநிறம். கென்யாவின் ரூத் நல்ல கறுப்பு. தேர்வு நெருங்கியதால், தங்கள் புத்தகங்களையும் பூசையில் வைக்க விரும்பி இருவரும் இறங்கி வந்தனர்.

என் மாமியார் அல்மாஸின் புத்தகங்களை வாங்கித் தேவியின் முன் அடுக்கினார். ரூத்தினுடையவற்றைத் தொடவில்லை.

"அவளோடது வாசப்படியிலேயே கெடக்கட்டும். இந்தக் கறுப்பியைக் கண்டா சரஸ்வதியே பயந்து ஓடிடுவா."

கூடியிருந்த பெண்கள் சிரித்தனர்.

"அம்மா, படிக்கற பொண்ணு..." என்று தொடங்கினேன்.

"நீ வாயை மூடுடீ."

ரூத் புத்தகங்களைப் படியில் வைத்து, அருகில் தலைகுனிந்து அமர்ந்தாள்.

பூசையில் வைத்த நூலை விஜயதசமிக்கு முன் எடுப்பது எங்களுக்குப் பெரும் பாவம். அதை அறிந்தும் அல்மாஸ் தன் புத்தகங்களை எடுத்தாள்.

"தொடாதேடீ!" என்று மாமியார் அலறினார்.

"ஞங்கள் ரெண்டுபேரும் ஒண்ணு, அம்மே" என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்ன அல்மாஸ், படியில் ரூத்தின் தோளோடு தோள் சேர்த்து அமர்ந்தாள்.

"அப்போ ரெண்டுபேரும் இப்பவே ரூமைக் காலி பண்ணுங்கோ!"

கனத்த பெட்டியை ஆளுக்கொரு புறமாகப் பிடித்துக்கொண்டு அவர்கள் படகுத்துறை நோக்கி நடந்தனர்.

அடியாரோடு அடியார் கூடியிருத்தலை நாள்தோறும் பாடித் தொழுகிறவள் நான். அந்தக் கூட்டத்தைக் கண்ணாரக் கண்டது அன்று ஒருமுறைதான். அதையும் எங்கள் வீடு விரட்டிவிட்டது.

இதைப் படிப்போர் அனைவருக்கும், உடன் எழுந்து வரும் ஒரு துணையை அம்மை அருள்க.