யாராவது என்னைக் கேட்கட்டும் என்று ஜெபித்தேன்

அன்பான சபையாரே, பம்மலில் தோல் கிடங்கில் வேலை செய்யும் அப்பாவுக்கும், வீடுகளில் சமைக்கும் அம்மாவுக்கும் மூத்த மகள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள். தாம்பரத்தில் கல்லூரி வரை படித்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் என் தலை நிமிரும். அப்படிப்பட்ட நான் சோற்றுத் தட்டைப் பார்த்துப் பயந்தேன் என்றால் நம்புவீர்களா?

2009, ஆகஸ்ட் மாதம். பன்றிக் காய்ச்சல் பரவிய நேரம். ஷேர் ஆட்டோவில் ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் இறங்கிவிடுவார். கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். அதற்கு முன்பே எனக்குச் சாப்பாடு எதிரியாகியிருந்தது. ஒரு வாய் கூடச் சாப்பிட்டால் எதிலோ தோற்றுவிட்டதுபோல் மனம் குறுகும். கல்லூரியில் சாப்பிட்டதாக வீட்டில் சொல்லிவிடுவேன். இப்போது ஒற்றை அறை வீட்டில், அம்மாவின் கண் முன்னால் என்ன சொல்வது?

கொள்ளை நோய் நீங்க உபவாசம் இருந்து ஜெபிக்கும்படி சபையில் அறிவித்தார்கள். எனக்கு ஒரு மறைவிடம் கிடைத்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, மாலையில் எல்லாரும் ஒரே அண்டாவிலிருந்து கஞ்சி குடித்து முடிப்போம். அந்த ஒரு டம்ளர் கஞ்சியை மட்டும் நான் பயமில்லாமல் குடிப்பேன். தொற்று பயத்தில் கூட்டமும் நின்றது, கஞ்சியும் நின்றது. அவரவர் வீட்டிலேயே உபவாசம் இருங்கள் என்றார்கள். என் உபவாசத்தை முடித்துவைக்க ஆளில்லாமல் போயிற்று. வெள்ளி போய் சனி வந்தது. இன்றும் உபவாசம்தான் என்றேன். பேருக்கு எதையோ கொறித்துக்கொண்டு அப்படியே நாட்களை ஓட்டினேன்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தெருவுல எல்லார் வூட்லயும் இருமல் கீது. எங்க வூட்ல இல்ல பாரு. எம்பொண்ணு உபவாசம் இருந்துகினு கீறா!" என்று குழாயடியில் சொல்வார்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பார். "பாத்துடி, காத்தடிச்சா பல்லாவரத்துல போய் விழப் போற."

"உன் வாயக் கழுவு ஸ்டெல்லா" என்று அம்மா மடக்கிவிடுவார்.

நம் பக்கத்தில் பேச்சையே 'சாப்டியா?' என்றுதான் தொடங்குவோம். உபவாசம் இருப்பவளிடம் மட்டும் அதைக் கேட்கமாட்டோம். யாரும் என்னைக் கேட்காதது முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. படியேறினால் கண் இருட்டியது. சாப்பிட நினைத்தாலும் முடியவில்லை. நான் சாப்பிட்டு, அதனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்துவிட்டால்?

ஒரு மாலை, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, என்னால் நிறுத்த முடியவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. யாராவது ஒருவரை என்னிடம் கேட்க வையும்."

மறுநாள் தங்கை ரூத்துக்குக் காய்ச்சல். ஜெபித்ததற்கு இதுவா பதில் என்று நடுங்கிப்போனேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாசல் வரை வரிசை. எல்லார் முகத்திலும் கைக்குட்டை. நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தேன்.

கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகக்கவசம் போட்ட ஒரு டாக்டரம்மா, "தங்கச்சிக்குச் சாதாரண ஜுரம்தான்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். "நீ கடைசியா எப்பம்மா சாப்பிட்டே?"

"அவ உபவாசம் டாக்டரம்மா" என்றார் அம்மா, அதே பெருமையோடு.

"அவளையே சொல்ல விடுங்க."

வெளியே அத்தனை கூட்டம். ஆனாலும் அவர் நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஜெபத்தில் கேட்ட ஆள் இவர்தான்.

"அது உபவாசம் இல்லம்மா" என்றேன். "எனக்குச் சாப்பிடவே பயமா இருக்கு."

அம்மா அறைவார் என்று நினைத்தேன். வாயை மூடியிருந்த சேலைத் தலைப்பை இறக்கிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "சோத்துக்குப் போய் பயப்படுவியாடி? என் கைல சொல்லக்கூடாதா? ஒண்ணும் தெரியாம ஊரெல்லாம் பெருமை பேசிகினு இருந்தேனே!"

இதுவும் ஒரு நோய்தான், குணமாகும் என்று சொல்லி, டாக்டரம்மா என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். ஒரே நாளில் சரியாகவில்லை. முன்னேறினேன், சறுக்கினேன், மறுபடி எழுந்தேன். வேளைக்கு வேளை அம்மா தன் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா மெல்லுறதைப் பாத்தா பரீட்சை எழுதுற மாரி கீது" என்று ரூத் கேலி செய்வாள். எனக்கும் சிரிப்பு வரும். சிரித்தால் ஒரு வாய் கூட இறங்கும்.

காய்ச்சல் பயம் தணிந்து சபை மறுபடி கூடியது. நோயாளிகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று இம்முறை பாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் கஞ்சி வரிசையில் நின்றேன். ஒரு டம்ளர் குடித்தேன். பிறகு, எல்லார் முன்னாலும், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன்.

இப்போது அனகாபுத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தாய்மாரே, உபவாசம் இருக்கும் பிள்ளையையும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். என்னைப் போலச் சோற்றுக்குப் பயப்படும் தங்கச்சி, உனக்குச் சொல்ல வாய் வராவிட்டால் ஆண்டவரிடம் சொல். அவர் ஒருவரை அனுப்புவார். அந்த ஆள் கேட்கும்போது மறைக்காதே.

நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது. "மத்தியானம் சாப்டியாடி?"

"சாப்டேம்மா."

அது உண்மை. அதற்காகவே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.