காலேஜுக்குப் போன துப்பாக்கி

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தையல் மிஷின் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. தையல் டீச்சர் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்த எண்ணெயின் வாசனை வந்ததும் பாடம் பாதியில் நின்றுபோனது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொன்ன பிள்ளையைக் கவனிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டு பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

எனக்கு அது துப்பாக்கி வாசனை. வெடித்த துப்பாக்கி நாறும், அதைச் சொல்லவில்லை. பெட்டிக்குள் படுத்துக் கிடக்கும் துப்பாக்கிக்கென்று ஒரு வாசனை உண்டு. இரும்பும் எண்ணெயும் பழைய வெல்வெட்டும் கலந்தது. காலேஜில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த பரிசு அதுதான். கூட வேலை பார்க்கும் டீச்சர்களிடம் ஒருமுறை இந்தப் பேச்சு வந்தது. ஒருவருக்கு அவருடைய அப்பா பவுண்டன் பேனா வாங்கிக் கொடுத்தாராம். இன்னொருவருக்குக் கைக்கடிகாரம். என் முறை வந்ததும் "துப்பாக்கி" என்றேன். "பொம்மைத் துப்பாக்கியா?" என்று கேட்டார் கடிகாரக்காரர். இரட்டைக் குழல் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் சாக்பீஸ் கேட்பதுகூடக் கொஞ்சம் பணிவாகத்தான்.

உதியன்குளங்கரையில் பெரிய ரோட்டை விட்டு இறங்கும் வண்டிப்பாதை ஒன்றின் முடிவில் எங்கள் வீடு. நெய்யாற்றின்கரைப் பக்கம் நடந்தால் மலையாளம் கூடும். பாறசாலைப் பக்கம் நடந்தால் தமிழ் கூடும். நடுவில் இருந்த நாங்கள் இரண்டையும் கலந்து பேசி, இரண்டு பக்கத்தாரிடமும் கேலி வாங்கினோம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு ஏறியது நான். இதை எழுதும்போதே என் முதுகு தானாக நிமிர்கிறது, நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பேனாவை அவர் பிடிப்பதைப் பார்த்தால் அது ஓடிப்போய்விடும் என்று பயப்படுகிறாரோ என்று தோன்றும்.

துப்பாக்கியைப் பிடிக்கும்போது அந்தப் பயம் இருக்காது. மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த எங்கள் விளைக்குப் பின்னால் அப்போது காடு. மாலை மங்கினால் பன்றி இறங்கிக் கிழங்கைத் தோண்டும். எந்த விளையில் பன்றி விழுந்தாலும் ஆட்கள் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அவர் வைத்திருந்தது அந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லாத சீமைத் துப்பாக்கி. எங்கள் பேச்சில் அது தோக்கு. பூட்டின் இரண்டு பக்கமும் வெள்ளியில் பறவை செதுக்கியிருக்கும். மலைத் தோட்டத்துத் துரை ஒருவரோடு வேட்டைக்குப் போனபோது, காயம்பட்ட பன்றி துரைமேல் பாய்ந்ததாம். அப்பா குறுக்கே விழுந்து அதைக் குத்தினாராம். துரை ஊருக்குத் திரும்பும்போது துப்பாக்கியைப் பெட்டியோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவின் தொடையில் அந்தப் பன்றியின் கோரைப்பல் கீறிய தழும்பு இருந்தது. அந்தத் தழும்பும் அந்தத் துப்பாக்கியும்தான் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் குடும்பங்களில் அப்போது மருமக்கள் வழி நடந்தது. ஒருவருடைய நிலமும் வீடும் அவர் பெற்ற பிள்ளைக்குப் போகாது; அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்று ஒரு சின்னத் துண்டு ஒதுக்குவார்கள்; வீடு அதில் வராது. அப்பாவின் வாரிசு அத்தை மகன் தாணு. என்னைவிட மூன்று வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தோடு அவனுக்கு ஒத்துப்போகவில்லை. அப்பாவின் பின்னால் காட்டுக்குள் போக மட்டும் சலிக்க மாட்டான். துப்பாக்கியைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் அவன்தான். அது என்றைக்கோ ஒருநாள் அவனுக்கு வரும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

திருவனந்தபுரத்தில் காலேஜில் இடம் கிடைத்ததும் அப்பா ஒரு சின்ன விருந்து வைத்தார். அத்தையும் தாணுவும் வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும் அப்பா வலியப் போய் அழைத்திருந்தார். அது அவர் வழக்கம் இல்லை. பாயசம் முடிந்து எல்லாரும் கை கழுவி உட்கார்ந்த பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாணு எழுந்துவிட்டான். கையை வேட்டியில் துடைத்தான். அப்பா அவனைத் தாண்டி வந்தார். பெட்டியை என் மடியில் வைத்தார்.

"காலேஜுக்குப் போறல்லா மக்கா. இது உனக்கு."

கனத்தில் என் முழங்கால்கள் தானாகச் சேர்ந்துகொண்டன. தாணு துடைத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் துடைத்தான். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் உலர்த்தின ஓலைபோல அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்கு ஒரு பட்டுப்புடவை வரும், இல்லாவிட்டால் தகர டிரங்குப்பெட்டி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். பன்றி சுடும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நான் அங்கே என்ன செய்வது?

அத்தைதான் முதலில் சிரித்தாள். "அண்ணா ஆளு கொள்ளாம். நான் ஒரு நிமிசம் பேடிச்சு நடுங்கிப்போனேன். பிள்ளைக்குக் குடுத்தா என்ன, தாணுவுக்குக் குடுத்தா என்ன? பிள்ளை வரும்போ தோக்கும் கூட வரும்லா. அது பிள்ளைக்க சாமானமாக்கும். நீங்க ஒக்க கேட்டுக்கிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாணு எனக்கு முறை மாப்பிள்ளை. பெண்ணின் கையில் கொடுத்தால் அது சீர். நான் காலேஜில் சேர்ந்ததற்கு நடந்த விருந்து, பாயசம் செமிப்பதற்குள் எனக்கு நிச்சயதார்த்தமாகிவிட்டது. மறுத்து ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் வெற்றிலைத் தட்டை எடுத்து விருந்தாளிகள் பக்கம் தள்ளினார்.

மறுநாளே ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. பால் ஊற்றுகிறவள், "தோத்துப்போனா வாத்தியாரைச் சுடுததுக்கா பிள்ளே?" என்று கேட்டாள். அத்தை ஒரு குலை ஏத்தன்பழமும் ஒரு சேலையும் அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு சொல்லும் வந்தது: ஆவணியில் கல்யாணம், அதுவரைக்கும் பிள்ளை காலேஜுக்குப் போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு வரட்டும். திருவிழா பார்க்க அனுப்புவதுபோல. அந்தச் சேலையை நான் தொடவில்லை. இத்தனை வருஷம் படித்துக் கடைசியில் ஒரு துப்பாக்கிக்கு உறையாகப் போகிறேனே என்று இருந்தது.

தாணுவிடமே கேட்டுவிடலாம் என்று விளைக்குப் போனேன். வேலியில் முள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எலே, உனக்கு நான் வேணுமா, தோக்கு வேணுமா? உள்ளதைச் சொல்லு."

அவன் யோசிக்கவே இல்லை. "தோக்கு."

எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. வேண்டாத மாப்பிள்ளையாக இருந்தாலும் அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"உன்னைக் கெட்டினாத்தான் அது கிட்டும்னு அம்ம சொல்லுது. எனக்கு உன்னைப் பேடியாக்கும் பிள்ளே. நீ இங்கிலீசுல ஏசினா நான் என்னத்தைன்னு மனசிலாக்க? தோக்கை மட்டும் தா, நான் அம்மைட்ட சொல்லிக்கிடுதேன்."

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். கைக்கு எட்டாமல் நின்ற காலேஜ் மறுபடி பக்கத்தில் வந்துவிட்டது. அப்பா தொழுவத்தில் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியைத் தாணுவுக்கே கொடுத்துவிடலாம், கல்யாணப் பேச்சு தானாக நின்றுவிடும் என்றேன்.

அப்பா கயிற்றைக் கீழே வைத்தார். என்னை அவர் அடித்ததில்லை. ஆனால் அன்று அடித்துவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

"அவனுக்குக் குடுக்கணும்னா அவனுக்கே குடுத்திருப்பேன்லா. இந்த மாடு அவனுக்கு. இந்தத் தொழுவம் அவனுக்கு. நான் திரிக்க கயிறும் அவனுக்கு. ஒரு தேங்காயை வித்து உனக்குப் பீஸ் கெட்டினா, அது எனக்க மவனுக்க மொதலுன்னு உனக்க அத்தை முற்றத்துல வந்து நிப்பா. எனக்குன்னு உள்ளது அது ஒண்ணுதான். அதை வித்துப் படி."

விற்பதா? அந்தத் துப்பாக்கியையா? ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு வைக்கும் வீடு எங்களுடையது.

"விக்கதா இருந்தா நீங்களே வித்திருக்கலாமே அப்பா."

"நான் வித்தா அந்தப் பணமும் குடும்பத்து முதலுன்னு உனக்க அத்தை வருவா. நீ வித்தா உனக்க முதலு. அது பிள்ளைக்க சாமானம்னு உனக்க அத்தை நாலு பேரு மத்தியில சொன்னா, கேட்டியா?"

"அத்தை அதைச் சீருன்னுல்லா நெனச்சாவ?"

"அவ அப்படித்தான் நெனைப்பா," என்று கயிற்றை மறுபடி எடுத்தார் அப்பா. "அதுக்காக்கும் விருந்து."

பிறந்ததிலிருந்து பார்த்த முகம் அது. அதற்குள் இப்படி ஒரு மனிதர் இருந்தது எனக்குத் தெரியாது. அன்று விருந்தில் அதிர்ந்ததைவிட அதிகமாக அந்தத் தொழுவத்தில் அதிர்ந்து நின்றேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. "நீ தாணுவைக் கெட்டினா எனக்கும் கடைசிவரைக்கும் இந்தக் கூரை உண்டுன்னு நெனச்சேன் மக்கா," என்றாள். அவளுக்கு அதுதான் பயம். அப்பா கண்ணை மூடினால் அவள் வீட்டை விட்டு இறங்க வேண்டியவள். "நான் படிச்சு உனக்குக் கூரை போடுவேன்," என்றேன். என்னிடம் அப்போது இருந்தது வாய் மட்டும்தான்.

புறப்படும் காலையில் அத்தை வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டாள். வண்டியில் என் டிரங்குப்பெட்டிக்கு மேல் துப்பாக்கிப் பெட்டி இருப்பதைப் பார்த்தாள்.

"இது எங்க போவுது அண்ணா?"

"காலேஜுக்கு."

"தோக்கு எதுக்கு காலேஜுக்கு?"

"அது போனாத்தான் இவ போக முடியும்," என்றார் அப்பா. அத்தைக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் வெற்றிலைத் தட்டோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாணு வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் அதை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸ் காரியத்தையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "நீ குடு," என்று அப்பா என்னிடம் சொன்னார். நான்தான் கொடுத்தேன். அவர் அதன் குழலைப் பொருத்தித் தோளில் வைத்து ஜன்னலுக்கு வெளியே குறி பார்த்தபோது, அப்பா, "வலது குழல் இடத்தாட்டு ஒரு விரக்கடை இழுக்கும். பாத்துக்கிடணும்," என்றார். அதற்குப் பிறகு என்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார்.

ஓண லீவுக்கு வந்தேன். பொழுது சாயும் நேரம். விளைப் பக்கம் தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கம்பால் அடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தாணு கையில் எரியும் ஓலைச் சூட்டோடு. கொஞ்சம் தள்ளி ஒரு பன்றி நிதானமாகக் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தது. அப்பா தகரத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "டும்" என்றார். பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

"சத்தம் ஒக்க கொள்ளாம் மாமா. குண்டுதான் இல்ல," என்றான் தாணு. அப்பா சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது.

"வந்துட்டியா மக்கா? என்னவெல்லாம் சொல்லித்தந்தாவ?"

ஊரே கூப்பிட்டு அனுப்பிய வேட்டைக்காரர். கீழே கிடந்த தகரத்தை எடுத்து நான் அடிக்கத் தொடங்கினேன்.

நான் படிப்பை முடித்த வருஷம் அப்பா போனார். நிலமும் வீடும் முறைப்படி தாணுவுக்குப் போயின. அம்மா என்னோடு வந்துவிட்டாள்; வாடகைக் கூரைதான், ஆனாலும் கூரை. அதற்குக் கொஞ்சம் பின்னால்தான் சட்டம் மாறியது. இப்போது பெற்ற பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. விளைக்குப் பின்னால் இருந்த காட்டை வெட்டிவிட்டார்கள். பன்றி எப்போதோ போய்விட்டது. உகந்துடைமை என்றால் என்ன என்று என் வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

போன மாதம் தாணு வந்தான். தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றான். அவள் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னை மிரட்சியோடு பார்த்தாள்.

"இவளையும் காலேஜு வரைக்கும் படிக்க வைக்கணும் பிள்ளே. விக்கதுக்கு எனக்கிட்ட தோக்கு ஒண்ணும் இல்ல."

"வேண்டாம்லே. இப்பம் உனக்க நிலத்துல அவளுக்குப் பங்கு உண்டு," என்றேன்.

தாணு மகளின் தலையில் கை வைத்தான். பிறகு, "இந்தச் சட்டம் கொஞ்சம் முன்ன வந்திருந்தா, மாமா விளையில நின்னு வாயால சுட்டிருக்க வேண்டாம்லா," என்றான்.